செல்லின் கதை – 6: பெயர் விடுபட்டவர்

சென்ற வாரம் 1838-ம் ஆண்டு பெர்லினில், ஒரு சாப்பாட்டு மேசையில் கதையை நிறுத்தியிருந்தோம். தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லைடன், செடிகளின் செல்களுக்குள் இருக்கும் உட்கருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த தியோடர் ஷ்வானுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. விலங்குகளின் முதுகுநாணிலும் அதே போன்ற உட்கருக்களை அவர் பார்த்திருந்தார். இருவரும் எழுந்து நேராக நுண்ணோக்கியிடம் போனார்கள்.

மறு ஆண்டே ஷ்வானின் நூல் வந்தது. செடியானாலும் விலங்கானாலும், உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை என்றது அது.

இது பாதி உண்மைதான். அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது மீதிப் பாதி. அதற்கும் இருவரும் விடை சொன்னார்கள். உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் தவறாகச் சொன்னார்கள்.

அந்தத் தவறைத் திருத்தப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருத்தியவரின் பெயர் பள்ளிப் பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இருக்காது.

பாகில் விளைந்த செல்

சீனிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு அசையாமல் சில நாள் வைத்திருந்தால், நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளையும். அதற்கு முன் அங்கே கற்கண்டு இல்லை, பாகு மட்டுமே இருந்தது. செல் பிறப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்றார்கள் ஷ்லைடனும் ஷ்வானும். திரவத்தில் முதலில் நுண்மணிகள் திரளும். அவற்றிலிருந்து உட்கருமணி வரும். அதைச் சுற்றி உட்கரு வளரும். உட்கருவைச் சுற்றி ஒரு சவ்வு எழும்பும். அவ்வளவுதான், செல் தயார்.

இது பழைய செல்லுக்கு உள்ளேயே நடக்கிறது என்பது ஷ்லைடனின் கட்சி. விலங்குகளில் செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்திலும் நடக்கிறது என்பது ஷ்வானின் கட்சி. செல்லின் பிறப்பைப் படிகம் விளைவதோடு ஒப்பிட்டு ஷ்வானே தம் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார்.

இன்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதன் பின்னே ஒரு நல்ல நோக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் உடலைப் பற்றி எந்தக் கடினமான கேள்வி கேட்டாலும் 'உயிர்ச்சக்தி' என்று ஒரே பதில் வரும். அவர்கள் இருவரையும் தம் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பேராசிரியர் யோஹானஸ் முல்லரே அந்தச் சக்தியை நம்பியவர். ஷ்வானுக்கு அதில் பிடிப்பில்லை. உப்புக் கரைசலில் படிகம் விளைவதுபோல, வெறும் இயற்பியல் விதிகளின்படி செல் விளைகிறது என்று காட்டிவிட்டால் போதும், உயிர்ச்சக்திக்கு வேலை இருக்காது. என் கணிப்பில், அந்த ஆசைதான் அவர் கண்ணை மறைத்தது.

கருவியின் குறையும் சேர்ந்துகொண்டது. அன்று நுண்ணோக்கியின் கீழ் பார்த்தவை பெரும்பாலும் செத்த திசுக்கள். ஒரு மூலையில் சிறு மணி தெரியும், இன்னொரு மூலையில் மணியைச் சுற்றி வளையம் தெரியும், வேறோர் இடத்தில் முழுச் செல் தெரியும். எது முந்தி, எது பிந்தி என்று கண் சொல்லாது. வரிசையை மனம்தான் போட்டுக்கொள்ளும். மனத்தில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தால் வரிசை அதற்கு ஏற்றபடிதான் அமையும்.

செல் இரண்டாகப் பிரிவதைப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். பெல்ஜியத்தின் பார்தெலெமி டூமோர்ட்டியே 1832-லும், ஜெர்மனியின் ஹியூகோ ஃபான் மோல் 1835-லும் இழைப்பாசிகளில் அதைக் கண்டு எழுதினார்கள். பாசிக்கு மட்டும் உரிய விநோதப் பழக்கம் என்று அதை மற்றவர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

இது அறிஞர்களுக்குள் நடந்த வாய்ச்சண்டை மட்டும் அல்ல, நோயாளியின் கட்டில் வரைக்கும் போன விவகாரம். புண்ணில் சீழ் ஏன் வருகிறது? வயிற்றில் கட்டி எப்படி முளைக்கிறது? அன்று ஐரோப்பாவில் நோயியலுக்குத் தலைநகரம் வியன்னா. அங்கே பிணப் பரிசோதனையில் பேர்போன கார்ல் ரோக்கிடான்ஸ்கி, நோயின் வேர் இரத்தத்தின் கலவைக் கேட்டில் இருக்கிறது என்றார். அந்தக் கெட்ட இரத்தத்திலிருந்து கசியும் திரவத்தில் சீழ்ச் செல்களும் கட்டியின் செல்களும் புதிதாகத் திரள்கின்றன என்பது கணக்கு. ஷ்வானின் கோட்பாடு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆக, ஒரு தவறுக்கு இப்போது இரண்டு காவலர்கள். தாவரவியலும் மருத்துவமும்.

மதம் மாற மறுத்தவர்

1815-ல் பிரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த போஸென் நகரத்தில், இன்றைய போலந்தின் போஸ்னானில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ராபர்ட் ரெமாக். பெர்லினுக்குப் படிக்க வந்து முல்லரின் மாணவரானார். அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் காலத்திலும் அதையொட்டியும் இருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பு வரும்: ஷ்வான், ஹென்லே, ஹெல்ம்ஹோல்ட்ஸ், டு புவா ரேமோன், ஃபிர்ஹோ.

ரெமாக் 1838-ல், இருபத்து மூன்று வயதில், நரம்பிழைகளைப் பற்றி ஆய்வேடு கொடுத்தார். கொழுப்பு உறை இல்லாத நரம்பிழைகள் உண்டு என்று அதில் காட்டினார். அந்த இழைகள் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தலையில் பொருக்குத் தட்டும் ஃபேவஸ் என்ற தோல்நோயைப் பூஞ்சைதான் உண்டாக்குகிறது என்பதை நிறுவ, அதைத் தம் முன்கையிலேயே தடவிக்கொண்டு நோயை வரவழைத்துக்கொண்டார். அந்தப் பூஞ்சைக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தம்மை ஆதரித்த மருத்துவர் ஷோன்லைனின் பெயரை வைத்தார்.

இத்தனை தகுதி இருந்தும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. பிரஷ்யாவில் யூதர்களுக்குப் பல்கலைக்கழக ஆசிரியப் பதவி மறுக்கப்பட்டிருந்தது. அதற்குக் குறுக்கு வழி ஒன்று இருந்தது, எல்லாருக்கும் தெரிந்த வழி. ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவராகிவிட்டால் கதவு திறந்துவிடும். பலர் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

ரெமாக் போகவில்லை. மன்னர் நான்காம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்முக்கே விண்ணப்பம் எழுதினார். முதலில் மறுப்புதான் வந்தது. பிறகு அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டும் மன்னரின் மருத்துவராக இருந்த ஷோன்லைனும் பரிந்து பேசினார்கள். 1847-ல் அனுமதி கிடைத்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் அந்த நிலைக்கு வந்த முதல் யூதர் அவர்தான்.

கிடைத்த பதவி 'பிரிவட்டோசன்ட்'. பாடம் நடத்தலாம், அரசுச் சம்பளம் கிடையாது. மாணவர் கட்டணமும் மருத்துவத் தொழிலும்தான் பிழைப்பு.

கோழிக்கருவின் இரத்தம்

இதற்கெல்லாம் சில ஆண்டுகள் முன்பே, 1841-ல், ரெமாக் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

அடைக்கு வைத்த கோழிமுட்டையை உடைத்து, வளரும் கருவின் இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்முடைய முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இருக்காது. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு, அதனால் உட்கருவைத் தொடர்ந்து கவனிக்கலாம். சில அணுக்கள் வழக்கமான வடிவில் இல்லை. நடுவில் இடுப்புப்போல ஒடுங்கி, இரண்டு பக்கமும் புடைத்து, பக்கத்துக்கு ஓர் உட்கருவோடு இருந்தன. வேறு சிலவற்றில் இரண்டு பாதிகளும் மெல்லிய காம்பு ஒன்றால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஷ்வானின் கோட்பாட்டுப்படி அங்கே திரவத்தில் மணிகள் திரண்டுகொண்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் தென்படவில்லை. ஒரு செல் இரண்டாகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் அன்று மாலையே முரசு அறைந்திருப்பார். ரெமாக் கோழி இரத்தத்தில் கண்டதைக் கோழி இரத்தத்தைப் பற்றி மட்டும் எழுதினார். பாசிகளுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஓரிடத்தில் செல் பிரிகிறது என்று காட்டினால் போதாது. வேறெந்த வழியிலும் செல் பிறப்பதில்லை என்று காட்ட வேண்டும். ஒரு விலங்கின் உடலில் உள்ள ஒவ்வொரு வகைச் செல்லையும் பின்னோக்கித் தொடர்ந்து முதல் செல் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்க்கட்சி அந்த இடைவெளியில் திரவத்தை ஊற்றிவிடும்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது பதினோரு ஆண்டுகள்.

தவளை முட்டை

தவளை முட்டை பெரியது, கண்ணுக்கே தெரியும். கருவுற்ற சில மணி நேரத்தில் அதன் மேல் ஒரு பள்ளம் விழும். பள்ளம் மேலிருந்து கீழாக ஓடி முட்டையை இரண்டாக்கும். அடுத்த பள்ளம் அதற்குக் குறுக்காக வந்து நான்காக்கும். மூன்றாவது கிடைமட்டமாக வந்து எட்டாக்கும். இது ரகசியம் அல்ல. ஜெனீவாவில் ப்ரெவோவும் டூமாவும் 1824-லேயே இதை விவரித்துவிட்டார்கள்.

அந்த உருண்டைகள் என்ன என்பதில்தான் சண்டை. அவை செல்களா, வெறும் மஞ்சள்கருக் கட்டிகளா? முட்டை முதலில் துண்டு துண்டாகிறது, பிறகு அந்தத் துண்டுகள் கரைந்து, அந்தச் சாற்றிலிருந்து மெய்யான செல்கள் புதிதாக உண்டாகின்றன என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை மறுப்பது எளிதல்ல. உருண்டைகளைச் சுற்றிச் சவ்வு இருக்கிறது என்று யாரும் தெளிவாகக் காட்டியிருக்கவில்லை. பள்ளம் விழும்போது அந்தச் சவ்வும் கூடவே உள்ளே மடிகிறதா என்றும் காட்டவில்லை. உயிருள்ள முட்டையில் சவ்வு கண்ணுக்குப் பிடிபடாத அளவு மெலிது. மஞ்சள்கருத் துகள்களோ பார்வையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ரெமாக் இங்கே கண்ணை நம்பாமல் கைவேலையை நம்பினார். முட்டைகளைக் கெட்டிப்படுத்தும் இரசாயனக் கரைசல்களை மாற்றி மாற்றிப் பரிசோதித்தார். தகுந்த கலவையில் ஊறிய முட்டை இறுகியது. சவ்வு தனியே உரிந்து தெரிந்தது. பள்ளம் விழும் இடத்தில் அது உள்ளே மடிந்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியே சுற்றிக்கொள்வதைக் காண முடிந்தது.

முட்டை ஒரு செல். முதல் பள்ளம் அதன் முதல் பிரிவு. அங்கிருந்து அவர் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சிறுத்து, பெருகி, கடைசியில் அவை தசையாகவும் தோலாகவும் நரம்பாகவும் ஆகும் வரைக்கும் வந்தார். சங்கிலி எங்கும் அறுபடவில்லை. எந்த இடத்திலும் சாற்றிலிருந்து ஒரு செல் எழும்பவில்லை.

1852-ல், முல்லர் நடத்திய ஆய்விதழிலேயே, ரெமாக் முடிவை எழுதினார். செல்லுக்கு வெளியே செல் பிறக்கிறது என்பதை ஏற்றால், புழுவும் பூச்சியும் அழுக்கிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்ற பழைய கதையையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அத்தோடு நிற்கவில்லை. இதே விதி நோய்க்கும் பொருந்தும் என்றார். கட்டியும் கசிவுத் திரவத்தில் முளைப்பதில்லை, உடலின் செல்களிலிருந்துதான் வருகிறது.

கருவின் திசுக்கள் மூன்று அடுக்குகளிலிருந்து கிளைக்கின்றன என்று இன்று நாம் படிக்கும் பாடத்துக்கும் அவர்தான் உரு கொடுத்தார். முதுகெலும்பிகளின் கருவளர்ச்சியைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1855-ல் முழுமை பெற்றது.

அதே 1855-ல்தான் அடுத்த திருப்பம்.

மேடை தெரிந்தவர்

ருடால்ஃப் ஃபிர்ஹோ ரெமாக்கைவிட ஆறு வயது இளையவர். குணத்திலோ நேர் எதிர். 1848-ல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது அரசு அவரை விசாரிக்க அனுப்பியது. அவர் திரும்பி வந்து, நோய்க்குக் காரணம் வறுமையும் அரசின் அலட்சியமும்தான் என்று அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு பெர்லினில் புரட்சி வெடித்தபோது தெருத் தடுப்பரண்களில் போய் நின்றார். வேலை பறிபோகும் நிலை வந்தது. 1849-ல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

ரோக்கிடான்ஸ்கியின் இரத்தக் கலவைக் கோட்பாட்டை 1846-லேயே கடுமையாகத் தாக்கியவர் ஃபிர்ஹோ. ஆனால் அவரும் தொடக்கத்தில் திரவத்திலிருந்து செல் திரளும் என்று நம்பியவர்தான். வூர்ட்ஸ்பர்க்கில், இணைப்புத் திசுவை ஆராய்ந்த ஆண்டுகளில், அந்த நம்பிக்கையைக் கைவிட்டார்.

1855-ல் தாம் நடத்திய இதழில் 'செல் நோயியல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் லத்தீனில் நான்கே சொற்கள் கொண்ட ஒரு முழக்கம் இருந்தது. எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே என்பது அதன் பொருள். அந்த முழக்கமும் முற்றிலும் புதியது அல்ல. பிரான்சின் ரஸ்பாய் 1820-களிலேயே ஏறக்குறைய அதே சொற்களை எழுதியிருந்தார்.

கட்டுரையில் ரெமாக்கின் பெயர் இல்லை.

ரெமாக் ஃபிர்ஹோவுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் குழைவே இல்லை. என் பெயரைச் சொல்லாமல் இந்தக் கருத்தை உமதாக்கிக்கொண்டிருக்கிறீர் என்கிறார். கருவியலில் உமக்குத் தனித் தேர்ச்சி இல்லை என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். ஊரறிய விவாதம் வேண்டாமென்றால் என் பங்கை உடனே ஒப்புக்கொள்ளும் என்று முடிக்கிறார்.

மறு ஆண்டு, 1856-ல், பெர்லின் ஃபிர்ஹோவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருக்கென்று புதிய நோயியல் நிறுவனமே எழுந்தது. 1858 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே மருத்துவர்கள் முன்னால் இருபது சொற்பொழிவுகள் ஆற்றினார். மாணவர் ஒருவர் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்தது அதே ஆண்டு நூலாக வந்தது. நோய் என்பது உடலுக்குள் வெளியிலிருந்து நுழையும் பேய் அல்ல, நல்ல செல்களே தடம் மாறி நடப்பதுதான் நோய் என்று மருத்துவ உலகம் அந்த நூலிலிருந்துதான் கற்றது.

ரெமாக்குக்கு 1859-ல்தான் துணைநிலைப் பேராசிரியர் பட்டம் கிடைத்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் மின்சாரம் கொண்டு நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை தருவதில் கவனத்தைத் திருப்பினார். 1865-ல், ஐம்பது வயதில், கிஸ்ஸிங்கன் என்ற ஊரில் இறந்துபோனார். அவர் பெயரையே வைத்துக்கொண்ட பேரன், கணிதத்தில் பெயர் பதித்த ராபர்ட் ரெமாக், 1942-ல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

திருட்டா?

இதை ஒரே வார்த்தையில் திருட்டு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஃபிர்ஹோ தம் திசு ஆய்வு வழியாகவும் அந்த முடிவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். முடிவை நோயாளியின் உடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த உழைப்பு அவருடையது. அந்தப் பேச்சாற்றல் இல்லாமல் வியன்னாவின் கோட்பாடு அவ்வளவு சீக்கிரம் சரிந்திருக்காது.

ஆனால் சங்கிலியை முட்டையிலிருந்து தசை வரைக்கும் கண்ணிக்குக் கண்ணி எண்ணிக் காட்டியவர் ரெமாக். சான்று அவருடையது, முழக்கம் ஃபிர்ஹோவுடையது. ஏழைகளுக்காகத் தடுப்பரணில் நின்றவருக்கு, சம்பளமில்லாத ஒரு சக ஆய்வாளரின் பெயரை ஒரு வரியில் எழுத மனம் வரவில்லை. அதை மன்னிக்க எனக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை.

ஒரு விஷயத்தில் காலம் ரெமாக் பக்கம் சாய்ந்தது. புற்றுக்கட்டிகள் இணைப்புத் திசுவிலிருந்து கிளம்புகின்றன என்று ஃபிர்ஹோ அடித்துச் சொன்னார். தோல், சுரப்பி போன்றவற்றின் மேல்படலச் செல்களிலிருந்து வருபவை உண்டு என்று ரெமாக் 1854-லேயே எழுதினார். 1860-களில் தியர்ஷ், வால்டையர் என்ற இருவரின் ஆய்வுகள் ரெமாக் சொன்னதையே நிறுவின.

காணாமல் போகும் உட்கரு

ரெமாக் சொன்ன எல்லாமே சரி என்று முடித்துவிட முடியாது. செல் எப்படிப் பிரிகிறது என்பதற்கு அவர் ஓர் ஒழுங்கான படம் வரைந்திருந்தார். முதலில் உட்கருமணி இரண்டாகும், பிறகு உட்கரு நடுவில் ஒடுங்கி இரண்டாகும், கடைசியில் செல் பிரியும். பார்க்க அழகான படம். பாடப் புத்தகங்களும் அதை எடுத்துக்கொண்டன.

நுண்ணோக்கிகள் மேம்பட மேம்பட வேறு செய்திகள் வரத் தொடங்கின. பிரியும் வேளையில் செல்லுக்குள் பார்த்தால் உட்கரு இரண்டாக ஒடுங்குவது தெரியவில்லை. உட்கருவே தெரியவில்லை. சற்று முன்பு தெளிவாக இருந்தது மங்கி, எல்லை அழிந்து, காணாமல் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதிகளிலும் ஆளுக்கொன்றாகப் புதிய உட்கருக்கள் இருக்கின்றன.

பழையது கரைந்துபோய், புதியவை செல்லின் சாற்றிலிருந்து தாமாகத் திரள்கின்றன என்று சிலர் எழுதினார்கள். அது உண்மையானால் ஷ்வானின் கோட்பாடு செல்லுக்குள்ளேயே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். செல் செல்லிலிருந்து வருகிறது, சரி. அப்படியானால் உட்கரு எதிலிருந்து வருகிறது?

1870-களின் கடைசியில், வட ஜெர்மனியின் கீல் நகரத்தில், வால்டர் ஃப்ளெமிங் என்ற உடற்கூற்றியலாளர் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தார். சலமாண்டரின் இளம்புழுக்களையும் அனிலின் சாயங்களையும் அவர் கையில் எடுத்தார். பிரியும் வேளையில் உட்கரு உண்மையிலேயே அழிந்துபோகிறதா, அல்லது சாயம் ஏற்றாத கண்ணுக்குத்தான் அது பிடிபடவில்லையா? ஃப்ளெமிங் கண்டதை அடுத்த வாரம் பார்ப்போம்.